பழைய ஸ்டேஷன் வேகன் பார்க்கப் போனபோது: நாங்கள் பட்டதும் கண்டதும்

பழைய கார் பார்க்கப் போனால் முதல் வேலையாக பொனெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அது சூடாக இருந்தால் அன்றைக்கு எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒஷாவாவில், ஒரு ஜனவரிக் காலையில் எனக்கு இது புரிந்தது. அம்மாவின் சக்கர நாற்காலியை மடிக்காமலே ஏற்ற வேண்டும், இரண்டு பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்று நீளமான பின்பகுதி கொண்ட வண்டியைத் தேடிக்கொண்டிருந்தோம். 2003ஆம் ஆண்டு சுபாரு அவுட்பேக் ஒன்று விற்பனைக்கு வந்தது. 2.5 லிட்டர் எஞ்சின், 210,000 கிலோமீட்டர் ஓடியது. வெளியே மைனஸ் 14 பாகை, ஆனால் பொனெட் இளஞ்சூடாக இருந்தது. பால் வாங்கப் போய் வந்ததாக விற்பவர் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டிய மாமா மட்டும் அசையவில்லை. "தம்பி, நாளைக் காலையில் வருவோம். அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று அவரிடம் சொல்" என்றார்.

மறுநாள், சூடாக இருந்தால் திறக்கக் கூடாத ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த எஞ்சினில் திறந்தோம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பழுப்பேறிக் கலங்கியிருந்தது. பக்கத்துப் பிளாஸ்டிக் தொட்டியின் உட்சுவரில் கறுப்பாக எண்ணெய் வளையம். ஸ்டார்ட் செய்து இருபது நிமிடம் விட்டபோது ஹீட்டர் சூடாக ஊதி, திடீரென்று குளிர்ந்து, மீண்டும் சூடானது. தொட்டிக்குள் குமிழிகள் ஓயாமல் எழுந்தன. எங்கள் மெக்கானிக் ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் ஊற்றி ரேடியேட்டர் வாயில் பொருத்தினார். அது மஞ்சளாக மாறியது. எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறது, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் உடலான பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் காஸ்கெட் போய்விட்டது என்று அதற்குப் பொருள். அதன் பிறகுதான் விற்பவர் வாய் திறந்தார். போன கோடையில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டதாம், வீடு அருகில்தானே என்று ஓட்டிவிட்டாராம்.

இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும். 1990களின் பிற்பகுதியில் வந்த இரட்டைக் காம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கொண்ட 2.5 லிட்டர் எஞ்சின்களில் காஸ்கெட் உள்ளுக்குள் கசியும். மேலே சொன்ன குமிழிதான் அதன் அடையாளம். 2000 முதல் 2004 வரை வந்தவற்றில் பெரும்பாலும் வெளியே கசியும், அதனால் குமிழி இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. டார்ச்சுடன் கீழே படுத்து, ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டின் கீழ் விளிம்பைப் பாருங்கள். அங்கே ஈரமும் அழுக்கும் ஒட்டியிருந்தால் கவனம். இரண்டு பக்கமும் பல அடுக்கு எஃகுக் காஸ்கெட் போட்டதற்குப் பில் வைத்திருக்கும் வண்டியை, "கை வைத்ததே இல்லை" என்று சொல்லப்படும் வண்டியைவிட நான் நம்புவேன்.

*

மேலே எழுதிய அண்ணா சொன்ன காஸ்கெட்டை நானும் பார்த்துத்தான் வாங்கினேன். டயரைத்தான் பார்க்கவில்லை.

என்னுடையது 2001ஆம் ஆண்டு அவுட்பேக், ஆட்டோமேட்டிக். நான்கு டயரும் பளபளவென்று இருந்தன. பணம் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பியபோது யாரோ பிரேக்கை அழுத்திப் பிடித்ததுபோல் வண்டி திணறித் திணறி நகர்ந்தது. கீழே குனிந்து பார்த்தால் முன்னிரண்டு டயர் புதியவை, பின்னிரண்டு பாதி தேய்ந்தவை.

இந்த வண்டியில் நான்கு சக்கரமும் எப்போதும் இயங்கும். கியர்பாக்ஸின் பின்புறத்தில் உள்ள கிளட்ச் அடுக்குதான் பின்சக்கரங்களுக்கு விசையைக் கடத்துகிறது. டயர்களின் சுற்றளவு கால் அங்குலத்துக்கு மேல், அதாவது ஆறு மில்லிமீட்டருக்கு மேல், வேறுபடக் கூடாது. வேறுபட்டால் அந்தக் கிளட்ச் நேர் சாலையிலும் உரசிக்கொண்டே இருக்கும். முந்தைய உரிமையாளர் இரண்டு டயர் காசை மிச்சம் பிடித்தார், நான் கிளட்சுக்குக் கொடுத்தேன். கியர் எண்ணெயை மூன்று முறை மாற்றியும் பாதிதான் சரியானது.

வாங்குவதற்கு முன் இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, வெற்று நிறுத்துமிடத்தில் மெதுவாக எட்டுப் போட்டுப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பொனெட்டுக்குள் முன்சக்கர இயக்கத்துக்கென ஒரு ஃபியூஸ் இடம் காலியாக இருக்கும். அதில் ஃபியூஸைச் செருகினால் பின்சக்கரங்களுக்குப் போகும் விசை நின்றுவிடும். அப்போது திணறலும் நின்றுவிட்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். எனக்கு இது தெரிந்தது பணம் போன பிறகு.

*

நான் மூன்றாவது ஆள், பிரம்டனில் இருக்கிறேன். எங்கள் அவுட்பேக்கில் பெட்ரோல் நெடி வந்தது, அதுவும் டாங்க்கை முழுவதும் நிரப்பிய நாட்களில் மட்டும். பின்னால் குழந்தை இருக்கை இருந்ததால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என்ஜின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது.

வலது பின்சக்கரத்தின் உள்ளே ஒரு பிளாஸ்டிக் மறைப்பு இருக்கிறது. அதைக் கழற்றினால் பல குளிர்காலத்து உப்பும் சேறும் கெட்டியாக அப்பியிருந்தன. அதற்குப் பின்னால் பெட்ரோல் ஊற்றும் குழாய் துருப்பிடித்து, ஊசித் துளைகளாக ஓட்டை. ஒன்ராறியோ சாலை உப்பில் ஓடிய பழைய வண்டியில் இந்த இடத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். பின் சக்கர வளைவு, பிரேக் குழாய்கள், பின்புறச் சட்டம் ஆகியவையும் அப்படித்தான். வளைவில் புதிய பெயின்ட் மின்னினால் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், உலோக ஒலி வர வேண்டும். சாமான் வைக்கும் இடத்துக் கம்பளத்தைத் தூக்கி, மாற்றுச் சக்கரக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விற்பவர் 'சேஃப்டி' என்னும் ஒன்ராறியோ பாதுகாப்புச் சோதனைச் சான்றிதழ் தந்தார், அதை நம்பினோம். அது 36 நாள்தான் செல்லும். பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் போன்றவை சோதனை நாளில் சரியாக இருந்தன என்பதைத்தான் அது சொல்கிறது. காஸ்கெட்டையும், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டையும் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

*

பிரம்டன் தங்கை பெல்ட்டைச் சொன்னதால், முதலில் எழுதிய நான் மீண்டும் எழுதுகிறேன். 2.5 லிட்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் போய்விடும். 105,000 மைல், அதாவது ஏறத்தாழ 168,000 கிலோமீட்டரில் அதை மாற்ற வேண்டும். மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின்.

ஒஷாவா வண்டியை விட்டுவிட்டு நான்கு மாதம் அலைந்தோம். கடைசியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் 2004ஆம் ஆண்டு வண்டி கிடைத்தது. அவர் முதலில் நீட்டியது சாவியை அல்ல, ஒரு ஃபைலை. 165,000 கிலோமீட்டரில் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், உருளைகள், வாட்டர் பம்ப் எல்லாம் ஒன்றாக மாற்றிய பில் அதில் இருந்தது. ஆண்டுதோறும் துருத் தடுப்பு எண்ணெய் அடித்த ரசீதுகளும் இருந்தன. மாமா ஃபைலை ஒரு பக்கம் விடாமல் படித்தார். விலை பேச வேண்டாம் என்று எனக்குக் கண்ணால் காட்டினார்.

இப்போது வலது முன் ஆக்சிலின் உட்புற ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எக்ஸாஸ்ட் மேல் சொட்டிக் கருகிய நெடி வருகிறது. உறை வாங்கிவிட்டேன், சனிக்கிழமை மாமாவுடன் மாற்றப் போகிறோம்.