பெயிண்ட் அடிச்சா போதுமா? நம்ம மலேசியாவுல பெரிய காற்பந்துப் போட்டி நடத்த என்னென்ன வேணும்?

செந்தூல்_பையன்:

நேத்து ராத்திரி மாமாக் கடையில ஒரே வாக்குவாதம். 2034 உலகக் கிண்ணத்தை நாம, இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, வியட்நாம் எல்லாம் சேர்ந்து நடத்தலாம்னு ஒரு காலத்துல பேச்சு இருந்துச்சில்ல? கடைசியில சவுதிக்குப் போயிடுச்சு. அதை வச்சு கூட்டாளி ஒருத்தன் ஆரம்பிச்சான். "புக்கிட் ஜாலில் ஸ்டேடியம் சும்மாதானே கிடக்கு, பெயிண்ட் அடிச்சா முடிஞ்சது, கையில வந்ததை விட்டுட்டானுங்க"ங்கிறான். அப்படி இல்லடான்னு சொல்லிட்டேன். ஏன் இல்லைன்னு கேட்டான் பாருங்க, எனக்குப் பேச்சே வரல. தே தாரிக் ஆறிப் போனதுதான் மிச்சம்.

உள்ள இருந்து வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா எழுதுங்க. ஒரு நாடு இதுக்குத் தயாராகுதுன்னா நிஜமா என்ன செய்யுது? "எல்லாம் அரசியல்வாதிங்களால வந்தது"ன்னு ஒரு வரி போட்டுட்டு ஓடுறவங்க தயவுசெஞ்சு வேற பக்கம் போங்க.

கிள்ளான்_கணக்கு:

2034-க்கு ஃபிஃபா கேட்டது குறைஞ்சது 14 அரங்கம். ஒவ்வொண்ணுலயும் 40,000 பேர் உட்காரணும். திறப்பு ஆட்டத்துக்கும் இறுதியாட்டத்துக்கும் 80,000. நம்மகிட்ட 80,000-ஐத் தாண்டுறது புக்கிட் ஜாலில் ஒண்ணுதான். ஷா ஆலாம் அரங்கத்தை 2020-ல மூடினாங்க, அப்புறம் இடிச்சாச்சு. அங்க புதுசா வரப்போறது 45,000 பேருக்கு. அஞ்சு நாடு சேரணும்னு ஏன் பேசினாங்கன்னு இப்ப உங்க கூட்டாளிக்குப் புரியும்.

ஜென்செட்_அண்ணன்:

தம்பி, 2007 ஆசியக் கிண்ணத்தப்போ நான் புக்கிட் ஜாலில்ல இருந்தேன். ஆபீசர்னு நினைச்சிடாதீங்க. ஜென்செட், அதான் ஜெனரேட்டர், பார்த்துக்கிற வயர்மேன். எனக்குத் தெரிஞ்ச மூலையை மட்டும் சொல்றேன்.

அந்தப் போட்டியை நாலு நாடு நடத்துச்சு: இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம். ஜூலை 7-ல இருந்து 29 வரைக்கும். நம்ம பிரிவுல சீனா, ஈரான், உஸ்பெகிஸ்தான். ஒரு பிரிவுக்கு எதுக்கு ரெண்டு ஸ்டேடியம், புக்கிட் ஜாலிலே போதாதான்னு நானும் அப்ப கேட்டேன். ஒரு சூப்பர்வைசர்தான் விளக்கினார். பிரிவோட கடைசி ரெண்டு ஆட்டமும் ஒரே நேரத்துல நடக்கணுமாம். 1982-ல ஸ்பெயின்ல நடந்த உலகக் கிண்ணத்துல அல்ஜீரியா முந்தின நாளே ஆடி முடிச்சிடுச்சு. மறுநாள் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 வந்ததும், இது ரெண்டு பேருக்கும் போதும்னு பந்தை உருட்டிக்கிட்டே நேரத்தை ஓட்டிட்டாங்க. அல்ஜீரியா வெளியே போயிடுச்சு. அதுக்கப்புறம் வந்த வழக்கம் இது. அதனால ஜூலை 18 நாங்க இங்க ஈரானோட ஆடுறப்போ, அதே நேரத்துல ஷா ஆலாம்ல சீனாவும் உஸ்பெகிஸ்தானும் ஆடினாங்க. ஸ்பெயின்ல யாரோ செஞ்ச கூத்துக்கு நாம ரெண்டாவது ஸ்டேடியத்தைத் துடைச்சு வைக்கணும்.

இப்ப என் வேலைக்கு வர்றேன். அந்தக் காலத்து விளக்கெல்லாம் மெட்டல் ஹாலைடு. அதுல ஒரு வம்பு என்னன்னா, கரண்டு ஒரு நொடி கண்ணடிச்சாலும் விளக்கு செத்துடும். கரண்டு உடனே திரும்பி வந்தாலும் அது எரியாது. உள்ள இருக்கிற குழாய் சூடு ஆறினாத்தான் மறுபடி பத்தும், பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகும். ஆசியா முழுக்க டிவில பார்த்துக்கிட்டு இருக்கிறப்போ பதினஞ்சு நிமிஷம் இருட்டுன்னா யோசிச்சுப் பாருங்க. அதனால கரண்டு போனப்புறம் ஜென்செட் ஓடுறது கதைக்கு ஆகாது. முன்னாடியே ஓடிக்கிட்டு இருக்கணும். பாதி விளக்கு லைன்ல, பாதி விளக்கு ஜென்செட்லன்னு பிரிச்சு வச்சிருந்தோம். எது போனாலும் மைதானம் முழுசா இருட்டாகாது. இப்ப எல்இடி வந்துடுச்சு, தட்டினா உடனே எரியுது. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அந்த வயித்தெரிச்சல் தெரியாது.

அடுத்தது டேப் ஒட்டுற வேலை. சிரிக்காதீங்க. போட்டி ஆரம்பிச்சதும் ஸ்டேடியம் நம்மளுது இல்ல, நடத்துறவங்க கையில போயிடும். காசு கொடுத்த ஸ்பான்சர் பேரைத் தவிர வேற எந்தக் கம்பெனி பேரும் கண்ணுல படக்கூடாது. ஸ்கோர்போர்டு மேல இருந்த பழைய விளம்பரத்தை மூடினாங்க, அது சரி. என்னையும் இன்னொருத்தனையும் கறுப்பு டேப் கொடுத்து கக்கூஸுக்கு அனுப்பினாங்க. கை காய வைக்கிற மெஷின்ல இருக்கிற பேரை மறைக்கணுமாம்! ஒரு சாயங்காலம் முழுக்க அதுதான் வேலை. ரெண்டாவது நாள் யாரோ பாதி டேப்பைப் பிச்சிட்டாங்க, திரும்பவும் ஒட்டினோம்.

புல்லைப் பத்தி ஒரு வார்த்தை. கோடு போட்ட இடம் 105-க்கு 68 மீட்டர், அது எல்லாருக்கும் தெரியும். நம்ம ஊர் சங்கடம் மழை. மத்தியானம் மூணு மணிக்கு வானம் பொத்துக்கிட்டு ஊத்தும், ராத்திரி ஆட்டத்துக்குள்ள தண்ணி வடிஞ்சாகணும். அதுக்கு மேல பச்சையா இருந்தா பத்தாது. கீழ மணல், அதுக்குக் கீழ ஓட்டை போட்ட குழாய் எல்லாம் சரியா இருக்கணும். பத்தாததுக்கு கூரை நிழல் விழற பக்கம் புல்லு சோகை பிடிச்ச மாதிரி நிக்கும். முன்ன அங்க இருந்தது கவ் கிராஸ். சில வருஷத்துக்கு முன்னதான் சோய்சியாங்கிற வேற வகைப் புல்லு போட்டாங்க. மேல ஒரு கச்சேரிக்கு மேடை போட்டா அந்தப் புல்லும் பாவம்தான்.

ஆனா ஸ்டேடியம்கூட பெரிய தலைவலி இல்லைங்கிறது என் அபிப்பிராயம். தலைவலி பயிற்சித் திடல். ஒவ்வொரு அணிக்கும் தனியா ஒண்ணு வேணும், ஹோட்டல்ல இருந்து பஸ்ல சீக்கிரம் போகணும், புல்லு ஸ்டேடியத்துல உள்ள மாதிரியே இருக்கணும், ஒளிஞ்சு நின்னு பார்க்க முடியாதபடி வேலி இருக்கணும். தாமான்ல, அதான் குடியிருப்புல, இருக்கிற திடலைக் கொடுக்க முடியுமா? இதையெல்லாம் டிவில யாரும் காட்ட மாட்டாங்க. அதனால கடைசி நேரம் வரைக்கும் யாரும் பணமும் ஒதுக்க மாட்டாங்க. அப்புறம் விசா, கேமரா பெட்டிகளை வரி கட்டாம உள்ள கொண்டுவர கஸ்டம்ஸ் கடுதாசி, இதெல்லாம் அரசாங்கம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற உத்தரவாதம். அது என் மண்டைக்கு மேல.

எல்லாத்தையும் தயார் பண்ணினோம். ஆடுறவங்களை மட்டும் பண்ணல போல. சீனாகிட்ட 1-5, உஸ்பெகிஸ்தான்கிட்ட 0-5, ஈரான்கிட்ட 0-2.

ஜார்ஜ்டவுன்_தாத்தா:

1997-ஐ எல்லாரும் மறந்துட்டீங்களே. உலக இளையோர் கிண்ணத்தை இந்த மலேசியா தனியாவே நடத்தியிருக்கிறது. 24 நாடுகள். ஷா ஆலாம், ஜொகூர் பாரு, அலோர் ஸ்டார், கங்கார், கூச்சிங், கோத்தா கினபாலு என்று ஆறு ஊர்கள். புக்கிட் ஜாலில் அப்போது திறக்கவே இல்லை. அது மறு வருஷம் காமன்வெல்த் விளையாட்டுக்காக வந்தது. ஹென்றி, ட்ரெசகே, ஓவன், ரிகெல்மே எல்லோரும் மீசை அரும்பும் வயதில் இங்கே வந்து ஆடினார்கள். ஷா ஆலாமில் அர்ஜென்டினா 2-1 என்று உருகுவேயை வென்று கிண்ணத்தைக் கொண்டு போனது.

கங்கார் இருக்கிற குட்டி பெர்லிஸ் மாநிலத்துக்குக் கிடைத்தது, பினாங்குக்கு ஒரு ஆட்டம்கூட இல்லை. நாங்கள் நாலு பேர் ஒரு பழைய காரில் பாலத்தைத் தாண்டி அலோர் ஸ்டாருக்கு ஓடினோம். பிறகு 2000 சுக்மா என்கிற மலேசிய விளையாட்டுப் போட்டிக்காக பத்து காவானில் 40,000 பேருக்கு ஓர் அரங்கம் கட்டினார்கள். போட்டி போன பின் அரங்கம் வந்தது! அதற்குத் தீவிலிருந்து எப்படிப் போவது என்பது தனிக் கதை, அதை இங்கே ஆரம்பித்தால் இரவு போதாது.

இன்னொன்று. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைமையகம் இதே கோலாலம்பூரில்தான் இருக்கிறது. அதன் பொதுச் செயலாளராக 1978 முதல் 2007 வரை இருந்தவர் பீட்டர் வேலப்பன், சிலியாவ்வில் பிறந்த நம்ம தமிழர். மற்ற நாடுகளுக்குப் போட்டி நடத்தச் சொல்லிக்கொடுத்த ஆள் நம் ஊரிலேயே இருந்தார். பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறவரிடம் இதையும் சொல்லுங்கள்.

செந்தூல்_பையன்:

எல்லாருக்கும் நன்றி, அடுத்த வெள்ளிக்கிழமை அவன் மாட்டினான். ஜென்செட் அண்ணே, ஈராக் - கொரியா அரையிறுதி உங்க ஸ்டேடியத்துலதானே? பார்த்தீங்களா? சம்பளம் எல்லாம் நல்லா கொடுத்தாங்களா?

ஜென்செட்_அண்ணன்:

ஜூலை 25. எங்க பார்த்தேன்? சத்தம் தாங்காம காதை மூடுற மஃப் மாட்டிக்கிட்டு ஜென்செட் பக்கத்துல டீசல் மீட்டரைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். கூடுதல் நேரம் வரைக்கும் 0-0, அப்புறம் பினால்டி, 4-3 ஈராக். டீசல் கூடுதலாப் போச்சேன்னு என் கவலை எனக்கு. நாலு நாள் கழிச்சு ஜக்கார்த்தாவுல கிண்ணமே ஜெயிச்சாங்க, அதை வீட்டுல உட்கார்ந்து டிவில பார்த்தேன்.

சம்பளம் வந்துச்சு. ஓ.டி. காசுக்கு சப்-கொந்த்ராக்டர் பின்னாடி மூணு மாசம் அலைஞ்சேன், பாதிதான் கொடுத்தான். விடுங்க.

மேல ஏறி ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம்தான். ஆனா கழுத்துல தொங்குற அட்டையில இருக்கிற நம்பர் உள்ள இடத்துக்குத்தான் போக முடியும், என்னோடது அடித்தளம் மட்டும். அந்த அட்டையிலயும் ஒரு கூத்து. ஃபாரத்துல குடும்பப் பேரு, சொந்தப் பேருன்னு ரெண்டு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பேரு? ஐசில, அதான் அடையாள அட்டையில, இருக்கிற மாதிரி ஏ/எல் (இன்னாரோட மகன்) போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் அப்பா பேரைப் பெருசா அடிச்சு, என் பேரை ஒரே ஒரு எழுத்தாக்கிடுச்சு. மூணு வாரமும் கேட்ல இருந்த ஜாகா, அதான் காவலாளி, என்னை அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். அப்பா மெர்டேக்கா ஸ்டேடியத்துல நம்ம நாட்டு கோல்கீப்பர் ஆறுமுகம் கோல் காக்கிறதைப் பார்க்க லோரியில ஏறிப் போன ஆளு. 2007-க்கு முன்னாடியே போயிட்டாரு. வேலை முடிஞ்சு அட்டையை வீட்டுக்குக் கொண்டு வந்தேன், அம்மா வாங்கிப் படிச்சுப் பார்த்துட்டு அப்பா படத்து ஆணியில மாட்டிட்டாங்க. இன்னும் அங்கதான் தொங்குது.