மேனிக்வின் தலையில் நின்றது, தோழி தலையில் சாய்ந்தது

ஹேர் அண்ட் மேக்கப் படிப்பில் எங்களுக்கு ஒரு செய்முறைத் தேர்வு: ஏதாவது ஒரு கதாபாத்திரத்தின் தலையை நிஜ ஆளுக்குச் செய்து காட்ட வேண்டும். நான் எடுத்தது 1935-இல் வந்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் மணமகளை. வானத்தைப் பார்த்து நிற்கும் முடி, இரண்டு பக்கமும் மின்னல் மாதிரி வெள்ளைக் கீற்று. அதை விட்டால் வேறு எதையும் செய்ய மனசே வரவில்லை.

மேனிக்வின் பொம்மைத் தலையில் மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் நன்றாக வந்தது. அந்தத் தைரியத்தில் தோழியை உட்கார வைத்தேன். அவள் எனக்காகவே தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். அன்றைக்குத்தான் தெரிந்தது, அப்போதுதான் அலசிய முடி வழுக்கும், பேக்கோம்பிங்குக்கு, அதாவது முடியைத் தலைகீழாக வாரிப் புடைக்க வைப்பதற்கு, பிடி கொடுக்காது என்று. கற்றை கற்றையாக வேரை நோக்கிச் சீப்பால் தள்ளி, ஸ்ப்ரே அடித்து ஏற்றினேன். நின்றது. பத்து நிமிஷத்தில் உச்சியில் ஒரு பிளவு விழுந்தது. பிறகு மொத்தமும் மெதுவாக இடது காதுப் பக்கம் சாய்ந்துவிட்டது. அவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் படத்திலேயே, மணமகளாக நடித்த எல்சா லான்செஸ்டரின் முடியை ஒரு கம்பிச் சட்டத்தின் மேல்தான் வாரி ஏற்றியிருக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். வெளியே தெரிவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளே எது தாங்குகிறது என்று யோசிக்கவே இல்லை.

அடுத்த முறை இரண்டு நாள் அலசாத முடி. தலையோடு ஒட்டி நான்கு சின்னப் பின்னல் போட்டு, மெல்லிய கம்பியில் வளைத்த கூட்டுக்கு வலை சுற்றி, அந்தப் பின்னல்களோடு சேர்த்துப் பின் குத்தினேன். பின்னின் நெளிந்த பக்கம் தலையைப் பார்த்து இருக்க வேண்டும், இரண்டு பின்னைக் குறுக்காகப் போட்டால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். பக்க முடியைச் சுருட்டி, சூடு முழுக்க ஆறும்வரை கிளிப்பை எடுக்கவில்லை. சூட்டில் தளரும் முடி ஆறும்போதுதான் அந்த வளைவிலேயே இறுகுகிறது. வெள்ளைக் கீற்றுக்குச் சாயம் பூசாமல், தனி முடிப் பட்டையாக வைத்தேன்.

பாதியில் அவள் புருவம் லேசாகச் சுருங்கியது. கேட்டால் "ஒண்ணுமில்லடி, நீ செய்" என்கிறாள். கூட்டைத் தூக்கிப் பார்த்தேன். வலது காதுக்குப் பின்னால் நகக்கண் அளவுக்குச் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு விளிம்பு முழுக்க ஸ்பாஞ்ச் சுற்றினேன். நேரம் போனால் போகட்டும் என்றுதான் தோன்றியது.

முடித்ததும் அவள் எழுந்து நின்றாள். பாரம் சரியாமல் இருக்கக் கழுத்தை நீட்டி, தாடையைத் தூக்கினாள் பாருங்கள், அந்த நொடியில் மணமகள் வந்துவிட்டாள்! மேக்கப் அப்போது பாதிகூட ஆகவில்லை.

* * *

உங்கள் பதிவைப் படித்ததும் என் கதை ஞாபகம் வந்தது. நான் செய்தது ஜப்பானிய கார்ட்டூனான அனிமேயில் வரும் ஒரு நாயகியை. இடுப்பு வரை நீல முடி, சிந்தெடிக் விக். நுனியைச் சுருட்டலாம் என்று மனித முடிக்கு வைக்கிற சூட்டிலேயே டோங்கை, அதாவது முடி சுருட்டும் சூட்டுக் கருவியை, வைத்துவிட்டேன். ஒரு கற்றை அப்படியே உருகி, நீல நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. இப்போதெல்லாம் எந்த விக் வந்தாலும் உள்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நான்கு இழைக்கு மட்டும் சூடு காட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த பேக்கோம்பிங்கை எப்படிப் பிரித்தீர்கள்?

* * *

போட்டதைவிடப் பிரிக்கத்தான் பொறுமை வேண்டியிருந்தது. முதலில் ஸ்ப்ரேயைத் தண்ணீர் தெளித்து இளக்கினேன். பிறகு கை நிறைய கண்டிஷனர், அகலப் பல் சீப்பு. நுனியில் ஆரம்பித்து விரல் விரலாக மேலே போனேன். வேரிலிருந்து இழுத்தால் முடி அறுந்துவிடும். அவள் பாதியிலேயே என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.