பழைய மசில் காருக்கு ரோட்டு டயர்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

வுட்வர்ட்வாசி எழுதியது:

1970 செவெல், பெரிய எஞ்சின் போட்ட அந்தக் காலத்து அமெரிக்க மசில் கார். 396 எஞ்சின், முந்தைய ஓனர் போட்ட 15 இன்ச் வீல். 2019 ஜூலை கடைசியில் வாங்கினேன். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்ட் ட்ரீம் குரூஸ், டெட்ராய்ட் பக்கம் பழைய கார்களின் ஊர்வலம். அதற்குள் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரே பரபரப்பு. பிரேக், கார்புரேட்டர், கூலன்ட் ஹோஸ் எல்லாம் பார்த்தேன். டயரைக் குனிந்து பார்த்தேன், பட்டன் (ரோட்டில் படுகிற புடைப்பு) முழுசாக இருந்தது, வெள்ளை எழுத்து பளிச்சென்று இருந்தது. சரி, இதில் கை வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

குரூஸுக்கு முந்தைய வியாழன். பக்கத்தில் மகள். லேசான தூறல்தான், மழை என்றே சொல்ல முடியாது. ஃப்ரீவேயிலிருந்து இறங்கும் வளைவில் முப்பது மைல் வேகம் இருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை, நேராகவே போனது. அவள் கத்தவில்லை. கையிலிருந்த ஃபோனை மெதுவாக மடியில் கவிழ்த்து வைத்தாள், அவ்வளவுதான். வீல் போய்க் கட்டையில் இடித்து நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஃபோனைக் கவிழ்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மறுநாள் டயர்க்கடைப் பையன் ஓரத்தை எச்சில் தொட்டுத் துடைத்துக் காட்டினான். டிஓடி என்று தொடங்கும் அமெரிக்க அரசுக் குறியீட்டின் கடைசியில் மூன்றே மூன்று எண்கள்: 349, பக்கத்தில் ஒரு குட்டி முக்கோணம். 1999ஆம் வருஷம் 34ஆவது வாரம். மகளைவிட மூத்த டயர். நாலையும் மாற்றிவிட்டேன். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


ஹியூஸ்டன் 289 எழுதியது:

நான் செய்தது நேர் எதிர்த் தப்பு. பழைய டயரை வைத்து ஓட்டவில்லை, புத்தம் புதிய பழைய டயர் வாங்கினேன்!

1967 மஸ்டாங். அச்சு அசலாக அந்தக் காலத்து வண்டி மாதிரியே நிற்க வேண்டும் என்று பிடிவாதம். அதனால் மறுபதிப்பாக வரும் பயஸ் பிளை டயர் (உள்ளே நூல் சாய்வாகக் குறுக்குமறுக்காக ஓடும் பழைய காலத்துக் கட்டு), நாலும் வாங்கிப் போட்டேன். ஒல்லியான பக்கச்சுவர், சிவப்புக் கோடு. கராஜில் நிறுத்திவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன், பொய் சொல்லவில்லை. மனைவி வந்து "காபி இங்கேயே கொண்டு வரவா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐ-10இல் ஏறினேன். காங்கிரீட்டில் நீளவாக்கில் கோடு கோடாக வெட்டியிருக்கும் இடம். டயர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டது. நான் ஓட்டவில்லை, ரோடு ஓட்டியது. இடது பக்கம் பதினெட்டுச் சக்கர லாரி. அதன் நடு வீல் நட்டுகள் சுற்றுவதை நான் எண்ணியிருக்கலாம், அவ்வளவு பக்கம். கையை இறுக்கிப் பிடித்தால் இன்னும் மோசம், விட்டால் அதைவிட மோசம். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்க்கில் பத்து நிமிஷம் சும்மா நின்றேன்.

இப்போது பார்வைக்கு அதே ஒல்லிப் பக்கச்சுவரும் சிவப்புக் கோடும், உள்ளே ரேடியல் கட்டு (இன்றைய கார்களில் வருவது) என்று வருகிற டயர். டென்னசி சட்டனூகாவில் கோக்கர் கடைக்காரர்கள் இந்த வகையெல்லாம் விற்கிறார்கள். விலை வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்த ஐ-10இல் இப்போது ஒரு கையால் ஓட்டுகிறேன்.


பதினெட்டு இன்ச் எழுதியது:

மன்னிக்கவும், இரண்டு பேரும் 14, 15 இன்ச்சையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். பிரச்சினையே அதுதான். 15இல் நிஜமாக ரோட்டைப் பிடிக்கிற டயர் இன்று எத்தனை வருகிறது? விரல் விட்டு எண்ணலாம். எல்லோரும் போடுகிற பிஎஃப் குட்ரிச் ரேடியல் டி/ஏ நல்ல டயர்தான், பார்க்க அழகுதான். ஆனால் அதன் வேக அளவு எஸ் ரேட்டிங், மணிக்கு 112 மைல் வரைக்குத்தான். ட்ரெட்வேர், அதாவது தேய்மான எண், 400. நெடுநாள் உழைக்கிற ரப்பர் அது, கடித்துப் பிடிக்கிற ரப்பர் இல்லை. 17, 18க்குப் போனால் இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குச் செய்கிற டயர் அத்தனையும் உங்களுக்கும் கிடைக்கும்.

என் கதையும் சொல்கிறேன். 1969 கமேரோ, 18 இன்ச் வீல், பின்னால் 275 மில்லிமீட்டர் அகல டயர். வீலின் பேக்ஸ்பேசிங்கை (வீல் எவ்வளவு உள்ளே போய் உட்காரும் என்ற அளவு) அளந்துதான் வாங்கினேன். தனியாக ஓட்டும்போது ஒன்றும் இல்லை. மாமனார் மாமியார் ஊரிலிருந்து வந்தார்கள், பின்சீட்டில் உட்காரவைத்து வீட்டு டிரைவ்வேயில் ஏறினேன். சர்ர்ர்ர் என்று ஒரு சத்தம், துணி கிழிகிற மாதிரி. மாமியார் உடனே தன் புடவை முந்தானையைத்தான் பார்த்தார். கிழிந்தது டயர். ஃபெண்டரின் உள்மடிப்புத் தகடு தோள்பட்டையில் ஒரு விரல் நீளத்துக்குச் சீவியிருந்தது. அன்றே இரண்டு டயர் குப்பைக்கு. பின்சீட்டில் ஆள் வைத்து அளக்காமல் யாரும் அகல டயர் வாங்காதீர்கள்.


கேஸ்டர் தாத்தா எழுதியது:

எனக்கு ஒரு சின்ன அனுபவம்தான். 1968 ஜிடிஓ, புது ரேடியல் போட்டும் நேராகப் போகாமல் அலைந்தது. அலைன்மென்ட் மாற்றினேன், சரியாகிவிட்டது. கதை முடிந்தது.

ஆனால் மேலே எழுதியவர்கள் யாரும் அலைன்மென்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைக்காரன் கணினியில் உங்கள் வண்டியின் வருஷத்தைத் தட்டுவான். அறுபதுகளின் அளவு வரும். அந்த அளவு பயஸ் பிளைக்குச் சொன்னது. கேஸ்டர் சுழியத்துக்குப் பக்கத்தில் இருக்கும், பல வண்டிகளுக்குச் சுழியத்துக்கும் கீழே. பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்தில் கைக்கு லேசாக இருக்க வேண்டும் என்று அப்படி வைத்தார்கள். கேஸ்டர் என்னவென்று தெரியாதவர்கள் சைக்கிளின் முன் ஃபோர்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்து இருப்பதால்தானே கையை விட்டும் ஓட்டினோம். ரேடியலுக்கு அந்தச் சாய்வு வேண்டும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் மூன்று டிகிரி, கிடைத்தால் நாலு. செவெல், ஜிடிஓ போன்ற வண்டிகளில் மேல் கன்ட்ரோல் ஆர்ம் (முன் வீலைத் தாங்கும் மேல் கை) ஷாஃப்டுக்குப் பின்னால் தகடு வைத்துத்தான் இதை மாற்ற முடியும். பொறுமை இல்லாத கடைக்காரன் "இது உங்கள் வண்டி அளவுக்குள்தான் இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவான். ஒரு தாளில் எண்ணை எழுதிக் கையில் கொடுங்கள்.

அடுத்தது காற்று. ஸ்டிக்கரில் 24 என்று இருக்கும். அதுவும் பயஸ் பிளைக் கணக்கு. ரேடியலில் 24 வைத்தால் பக்கச்சுவர் துவண்டுபோகும், வளைவில் தோளில்தான் ஓடும். 30, 32 என்று தொடங்கிப் பாருங்கள். தம்பி செவெல்லில் அன்று எத்தனை இருந்தது? அதைச் சொல்லவே இல்லையே.

அப்புறம் உயரம். 26 இன்ச் உயர டயருக்குப் பதில் பின்னால் 275/60 ஆர்15 (275 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், 15 இன்ச் வீல்) போட்டால் உயரம் 28 இன்ச். ஸ்பீடோமீட்டர் 65 காட்டும்போது நிஜத்தில் 70இல் போகிறீர்கள். போலீஸ்காரர் உங்கள் டயர் அளவைக் கேட்க மாட்டார்.

எழுத்து அளவு புரியாதவர்களுக்கு: எஃப்70-14 என்றால் இன்றைய கணக்கில் ஏறக்குறைய 215/70 ஆர்14, சிலர் 225 போடுவார்கள். எஃப்60-15 என்றால் 235/60 அல்லது 245/60 ஆர்15. எழுத்து சுமையைக் குறிக்கும், அகலத்தை அல்ல. இதைத் தப்பாகவே எல்லோரும் சொல்கிறார்கள்.

பதினெட்டு இன்ச் தம்பிக்கு: 400 என்பது கம்பெனி தானே சோதித்துப் போடுகிற எண். ஒரு கம்பெனியின் 400ஐ இன்னொன்றின் 400ஓடு ஒப்பிட்டால் பெரிதாக அர்த்தமில்லை. வருஷத்துக்கு ஆயிரம் மைல் ஓட்டுகிற வண்டிக்குப் பட்டன் தேய்வதற்குள் ரப்பர் செத்துவிடும். ஆறு வருஷம் ஆனதும் வருஷா வருஷம் பாருங்கள், பத்தில் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.


பதினெட்டு இன்ச் எழுதியது:

தாத்தா, ஆயிரம் மைல்தான் ஓடும், அதற்குள் ரப்பர் செத்துவிடும் என்றால் நல்ல பிடி உள்ள மெத்தென்ற ரப்பரையே போடலாமே? நான் சொன்னதும் அதுதானே.


கேஸ்டர் தாத்தா எழுதியது:

போடலாம். 18 இன்ச் வீலில் 69 கமேரோவைப் பார்க்கத்தான் எனக்கு மனசு வரவில்லை.


ஸ்காபரோ டஸ்டர் எழுதியது:

நான் கனடா. என்னிடம் இருப்பது டஸ்டர் 340. இங்கே கார்த்திகையில் கராஜுக்குள் விட்டால் சித்திரையில்தான் வெளியில் எடுக்கலாம், வீதியெல்லாம் உப்பு.

முதல் வருடம் பழைய நைலான் ரயரோடு அப்படியே நிறுத்திவிட்டேன். சித்திரையில் எடுத்தால் டப், டப், டப் என்று குதிரை வண்டி மாதிரி. நிலத்தில் பட்ட இடம் சப்பட்டையாகிவிட்டது. கொஞ்சத் தூரம் ஓடிச் சூடானால் சரிவரும் என்றார்கள். பாதிதான் சரிவந்தது. இப்போது ரேடியல்தான், ஆனாலும் குளிருக்கு முதல் காற்றைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. புது ரயர் வந்த அன்று அம்மாவும் வீட்டில் நின்றா. வெள்ளை எழுத்து ரயர் என்று வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பூட்டிக்கொண்டு வந்து காட்டினால் எழுத்து முழுக்க நீலம். "இதுக்கே இவ்வளவு காசு?" என்றா. எனக்கும் அந்த நேரம் விளங்கவில்லை, பிழையான சாமான் தந்துவிட்டார்கள் என்று கடைக்கு ஃபோன் அடித்துச் சண்டைக்கும் போனேன். அவன் சிரித்துக்கொண்டே, அது வெள்ளை அழுக்குப் படாமல் இருக்கப் பூசுகிற பூச்சு, சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டு உரஞ்சு என்றான். உரஞ்சினது நானில்லை, அம்மா. குந்தியிருந்து, தேங்காய்த் தும்பாலே. நீலத் தண்ணி டிரைவ்வே வழியே ஓட ஓட ஒவ்வொரு எழுத்தாக வெளுத்து வந்தது. அம்மா போய் இரண்டு வருடம். ரயர் அப்படியே இருக்கிறது. பத்தில் மாற்று என்று தாத்தா சொல்கிறார், இது எட்டு.


குவாட்டர்மைல் எழுதியது:

டிராக் ரேஸ் (நேர்கோட்டு ரேஸ்) முடித்து, அதற்கென்றே செய்கிற டிராக் ரேடியல் டயரோடயே வீட்டுக்கு ஓட்டி வந்தேன். 1971 டெமன். ரோட்டில் ஓட்டலாம் என்று சட்டப்படி முத்திரை இருக்கிறதே என்ற தைரியம். வழியில் மழை. பச்சை விளக்கு விழுந்தது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டேன். கண்ணாடி வழியே முதலில் சிக்னல் தெரிந்தது, அப்புறம் ஒரு பேங்க், அப்புறம் எனக்குப் பின்னால் நின்ற காரின் டிரைவர் முகம். அவர் வாயில் பாதி கடித்த பர்கர். நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம்.


கேஸ்டர் தாத்தா எழுதியது:

அந்த டயரில் தண்ணீர் வெளியேறக் காடியே கிடையாது, பெயருக்கு நாலு கீறல். இது தெரிந்தேதான் ஓட்டினாயா?


குவாட்டர்மைல் எழுதியது:

தெரிந்தேதான்.


உக்கடம் டயர்க்கடை எழுதியது:

எனக்கு மசில் கார் கிடையாது, கோயம்புத்தூரில் அப்பா டயர்க்கடை வைத்திருந்தார், இப்போது டல்லாஸில் இருக்கிறேன். நீங்கள் பயஸ் பிளை என்று சொல்வதைத்தான் நாங்கள் நைலான் டயர் என்போம். அம்பாசடருக்கு 5.90-15. அதில் ஒரு பக்கம் நைலான், ஒரு பக்கம் ரேடியல் போட்டுக்கொண்டு வருகிறவர்களை அப்பா உட்காரவைத்துத் திட்டுவார், காசு வாங்க மாட்டார், திட்டு மட்டும்தான்.

ஹியூஸ்டன்காரர் சொன்ன அந்த ரோடு ஓட்டுகிற உணர்வு எனக்கு ரொம்பப் பழக்கம். பொள்ளாச்சி ரோட்டில் அதற்குப் பெயர் டிரைவிங்.

ஒரே ஒரு கேள்வி, முதலில் எழுதியவருக்கு. நாலு டயரையும் மாற்றிவிட்டீர்கள் சரி. ஸ்டெப்னியைப் பார்த்தீர்களா?


வுட்வர்ட்வாசி எழுதியது:

தாத்தாவுக்கு முதலில் பதில்: அன்று காற்று 24தான் இருந்தது. ஸ்டிக்கரைப் பார்த்து நானே வைத்தேன். சொல்லவில்லை, ஏனென்றால் வெட்கமாக இருந்தது.

இப்போது முன்னால் 235/60, பின்னால் 255/60, இரண்டும் ஆர்15. தேதி பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரர் ஒன்று மட்டும் மூன்று வருஷப் பழசாகக் கொண்டுவந்தார், திருப்பி அனுப்பினேன். கேஸ்டர் இந்த வாரம் கொண்டுபோய்ப் பார்க்கிறேன், தாளில் எழுதிவிட்டேன்.

உக்கடம், உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். வண்டி வாங்கியதிலிருந்து டிக்கியில் அந்தப் பாயைத் தூக்கியதே இல்லை. அடியில் கருப்பு இரும்பு வீல், 14 இன்ச். டயரில் கை வைத்தால் கரி ஒட்டுகிறது. ஓரமெல்லாம் கருவாட்டு வெடிப்பு. துடைத்துப் பார்த்தால் குட்இயர் பாலிகிளாஸ், எஃப்70-14, வண்டி புதிதாக வந்த காலத்து அசல் டயர். பட்டனில் மோல்டு ரோமம்கூட உதிரவில்லை, ஒரு மைல்கூட ஓடியிருக்காது.

இதையா நான் இத்தனை நாள் அவசரத்துக்கு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்? மகளை எழுப்பிக் காட்டினேன். அவள் ஃபோனில் படம் எடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

விலைக்குக் கேட்டு யாரும் செய்தி அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே இரண்டு வந்துவிட்டது.