கண் சிவக்கவில்லை, மிளகாய்தான் வெளுத்தது

மண்டபத்திலிருந்து:

என் தங்கச்சி கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறவள். வலது கண்ணை உருட்டினால் உள்ளே வலிக்கிறது என்றாள். கண் சிவக்கவில்லை, பீளை கட்டவில்லை. உப்புத்தண்ணி பட்டதுதான் காரணம் என்று தெருவே சொன்னது. ஒரு கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த சில நாளில் நடுப்பார்வை புகைமூட்டமாகிவிட்டது. வாசலில் குண்டு மிளகாய் காயப்போட்டிருந்தோம். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தக் கண்ணுக்கு மிளகா வெளுத்துக் கிடக்கு" என்றாள். இடது கண்ணுக்கு ரத்தச் சிவப்பு, வலது கண்ணுக்குச் செங்கல் நிறம்.

ராமநாதபுரத்தில் பார்த்த கண் டாக்டர் அந்த மிளகாய்க் கதையைத்தான் முழுசாகக் கேட்டார். அப்புறம் டார்ச்சை இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றி அடித்தார். இடது கண்ணில் அடித்தால் கண்பாப்பா சுருங்குகிறது; வலது கண்ணுக்கு வெளிச்சம் வந்ததும் சுருங்காமல் விரிகிறது. நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்வை நரம்பில் கோளாறு என்பதற்கு அது அடையாளமாம். ஆனால் உள்ளே அந்த நரம்பின் முகப்பு சுத்தமாக இருந்ததாம். இது பார்வை நரம்பு அழற்சி, இதில் மூன்றில் இரண்டு பேருக்கு அப்படித்தான், வீக்கம் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் என்றார்.

மதுரையில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தார்கள், மூளைக்கும் சேர்த்து. மூளையில் புள்ளிகள் இருந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்பு உறையை அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு கூடுமாம், இவளுக்கு இல்லை. பார்வை நரம்பைத் தாக்கும் வேறு நோய்களைக் காட்டும் அக்வாபோரின்-4, மாக் (MOG) ஆன்டிபாடிகளும் ரத்தத்தில் இல்லை. மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தினம் 1 கிராம், 3 நாள் ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். ஊசிக்குப் பயந்து மாத்திரை மட்டும் கேட்டோம். சாதாரண அளவில் வெறும் மாத்திரை கொடுத்தவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியதை 1992-லேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது என்று அங்கிருந்த டாக்டர் மறுத்துவிட்டார்.

இப்போது நன்றாகப் படிக்கிறாள். உச்சிவெயிலில் மட்டும் அந்தக் கண் மங்கும், நிழலில் உட்கார்ந்தால் தெளியும். உடம்புச் சூடு ஏறினால் அப்படி வரும், நோய் திரும்பியதாக அர்த்தமில்லை என்றார்கள்.

தொண்டியிலிருந்து:

அண்ணே, எங்க மாமாவுக்கும் நிறம்தான் முதலில் போச்சு. ஆனா ரெண்டு கண்ணும், வலியே கிடையாது. காசநோய்க்கு எத்தாம்பியூட்டால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலி இல்லாமல் ரெண்டு கண்ணும் சேர்ந்து மங்கினால் மருந்துச் சீட்டைத்தான் முதலில் பார்ப்பேன் என்றார் கண் டாக்டர். காசநோய் டாக்டரிடம் பேசி அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தி, மற்றதைத் தொடரச் சொன்னார். சிவப்பு மெல்லத் திரும்பிவிட்டது, பச்சை இன்னும் தகராறுதான்.