வட்டாரக் கூட்டத்தில் வைக்க ஒரே ஒரு கோரிக்கை: எதை வைப்பது?

உப்புக்காற்று டீச்சர் (கேள்வி)

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் கடலைப் பார்த்தபடி இருக்கிற ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். 34 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, நானும் இன்னொரு டீச்சரும். வருகிற சனிக்கிழமை எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்கள் எல்லாம் கூடுகிறோம். கல்விக் கொள்கை பற்றி மேலே அனுப்ப ஆளுக்கு ஒரு கோரிக்கை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுதான். இரண்டாவது எழுதினால் படிக்க மாட்டார்களாம்.

நாலு நாளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று கேட்க இல்லாமல் இல்லை. நான் 2006-ல் வேலைக்கு வந்தவள். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், இந்த வயதில் நானும் கைடு வாங்கி வைத்திருக்கிறேன். கூட இருக்கும் டீச்சர் 2012-ல் வந்தவர். 2009 ஜூன் 1-லிருந்து சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அப்போது வைத்த அடிப்படைச் சம்பளம் 5,200. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு 8,370. ஒரே கரும்பலகை, ஒரே சாக்பீஸ். அதுவும் நியாயமான கோரிக்கைதான்.

ஆனால் கோரிக்கை எழுத உட்கார்ந்தால் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைதான் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்குக் கூட இருக்கும் டீச்சருக்குப் பயிற்சி. நான் ஒருத்திதான். 34 பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னும் அதன் முதல் படியான அரும்பிலேயே இருக்கிறான், அடுத்த படியான மொட்டுக்கு நகர்கிற நேரம். விடிகாலையில் அம்மாவோடு உட்கார்ந்து வலையில் நண்டு எடுத்துவிட்டு வந்திருந்தான். ஆள்காட்டி விரலில் முள் கிழித்த காயம். பென்சிலை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் செருகிப் பிடித்திருந்தான். 'நண்டு' என்று எழுதச் சொன்னேன். 'ந' போட்டான், 'ண்' போட்டான். போன் வந்தது. அவசர விவரமாம், உடனே அலுவலகத்துக்கு வர வேண்டுமாம்.

சத்துணவு அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் பள்ளியில் எத்தனை குழாய் என்று கேட்கிறார்கள். எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் நான் ஏற்கெனவே ஏற்றிய கணக்கு. தாளிலும் வேண்டுமாம். குழாய் நாலு, தண்ணீர் வருவது ஒன்றில். அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. நாலு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது மணி ஒன்றரை. பையன் நோட்டில் 'நண்' அப்படியே இருந்தது. 'டு' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நண்டு வரைந்திருந்தான். கால் எல்லாம் சரியாக எண்ணிப் போட்டிருந்தான், பத்து.

டிவியில் மும்மொழியா இருமொழியா என்று சண்டை. எங்களுக்கு முதல் மொழியைச் சொல்லிக்கொடுக்கவே ஆள் பாதிதான் இருக்கிறது. அதனால் ஆள் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் எப்படிக் கேட்பது? எழுத்தர் வேண்டும் என்றா, தலைமையாசிரியருக்கு வகுப்பு கூடாது என்றா, மூன்றாவது ஆசிரியர் என்றா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


முதுகுளத்தூர் சங்கத்துக்காரன்

டீச்சர், நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் ஒன்றே ஒன்று என்றால் அரசாணை 243-ஐ ரத்து செய்யச் சொல்லித்தான் வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் போட்டது. முன்பு ஒன்றியத்துக்குள் முன்னுரிமை பார்த்துப் பதவி உயர்வு கொடுத்தார்கள். இப்போது மாநில அளவில். கைப்பிள்ளையோடு இருக்கிற டீச்சருக்கு எங்கோ ஒரு மூலையில் தலைமையாசிரியர் இடம் கொடுத்தால் யார் போவார்? வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் இதற்காகத் தெருவில் இறங்கியது சும்மா இல்லை. ஆசிரியர் நிம்மதியாக இருந்தால்தான் பள்ளி நடக்கும்.


புள்ளிக்கணக்கு

கோபப்படாதீர்கள். 34 பிள்ளைக்கு இரண்டு ஆசிரியர் என்பது 17-க்கு ஒருவர். கணக்குப்படி நல்ல விகிதம். நாலைந்து கடலோரப் பள்ளிகளைச் சேர்த்து ஒரே இடத்தில் 150 பிள்ளை, வகுப்புக்கு ஒரு ஆசிரியர், போக வர வேன் என்று கேட்டால் என்ன? தேசியக் கல்விக் கொள்கை சொல்லும் பள்ளி வளாகத்தில்கூடப் பக்கத்துப் பள்ளிகள் ஆளையும் வசதியையும் பகிர்ந்துகொள்ளலாம் என்றுதானே இருக்கிறது?


வலைக்காரன்

நான் டீச்சர் இல்லை, விசைப்படகில் போகிறவன். ரெண்டு பிள்ளைகள். மூத்தவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிச்சா, சின்னவனை இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏத்திவிட்டேன். ஏன்னு சொல்றேன். வாரத்தில் ரெண்டு நாள் போய் எட்டிப் பார்த்தால் ஒரே டீச்சர்தான் இருப்பாக. "என்ன டீச்சர், இன்னொருத்தவுக எங்க?"ன்னு கேட்டா, "மீட்டிங்"னு சொல்வாக. அவுக மேல குத்தம் இல்லை, தெரியுது. ஆனா பிள்ளை வீட்டுக்கு வந்து "இன்னைக்கும் பாட்டுதான்"னு சொன்னா மனசு என்ன செய்யும்? ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் கையில் காசு இருக்காது. ஸ்கூல் திறக்கிறது அந்த நேரத்தில்தான். வட்டிக்கு வாங்கித்தான் வேன் காசு கட்டினேன். இங்கேயே ரெண்டு டீச்சரும் முழுசா இருந்தா எனக்கு அந்தக் கடன் எதுக்கு?


பாம்பன் பழைய எச்.எம்.

அம்மா, 31 வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். சட்டத்தை ஒரு தடவை கையில் எடுத்துப் படித்துவிட்டு எழுதுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, அதன் அட்டவணை: 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. தனித் தலைமையாசிரியர் என்பது 150-க்கு மேல் போனால்தான். நம் கரையில் அத்தனை பிள்ளை உள்ள தொடக்கப் பள்ளிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆக இரண்டு பேரில் ஒருவர்தான் தலைமையாசிரியர், எழுத்தர், பியூன் எல்லாமே. அது உங்கள் தப்போ அலுவலகத்தின் தப்போ இல்லை, அட்டவணையே அப்படி.

இரண்டு விஷயம் கவனியுங்கள். அட்டவணையை மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, 20-ஆம் பிரிவுப்படி மத்திய அரசு ஒரு அறிவிக்கையில் மாற்றலாம். அதைவிட முக்கியம், அது குறைந்தபட்சம். மாநிலம் அதற்கு மேல் பணியிடம் கொடுக்க யாரும் தடுக்கவில்லை. எனவே டில்லிக்கு எழுதாதீர்கள், சென்னைக்கு எழுதுங்கள்.

எழுத்தர் கேட்காதீர்கள். கிடைத்தாலும் நாலைந்து பள்ளிக்கு ஒருவர் என்றுதான் கிடைப்பார், உங்கள் ஊருக்கு அவர் வருவதற்குள் கச்சான் காற்று அடித்து ஓய்ந்துவிடும். 27-ஆம் பிரிவைக் காட்டி வேறு வேலை கொடுக்காதே என்பதும் பாதிதான் நிற்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் மூன்றுக்கும் அதிலேயே விலக்கு இருக்கிறது.

என் யோசனை: பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றைச் சேர்த்த ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் ஒரு சுற்று ஆசிரியர். எந்தப் பள்ளியில் ஒருவர் இல்லையோ அன்றைக்கு அங்கே போவார். செலவு குறைவு, ஒத்துக்கொள்வார்கள்.


உப்புக்காற்று டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

புள்ளிக்கணக்கு சார், கோபமில்லை. 17-க்கு ஒருவர் என்பது இரண்டு பேரும் இருக்கும் நாளில். ஜூலையில் நான் என் டைரியைப் பார்த்தேன், இருவரும் நாள் முழுக்க வகுப்பில் இருந்த நாள் பாதிக்கும் கீழே. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்கு டீச்சர் வீடு வீடாகப் போனபோது கேட்கவே வேண்டாம். வேன் பற்றி: இங்கே பிள்ளைகள் வலை கரைக்கு வந்ததும் கை கழுவிவிட்டு நேராகக் காலை உணவுக்கு ஓடி வருகிறார்கள். புதன்கிழமை பொங்கல் என்றால் சட்டை பட்டன்கூடப் போடாமல் வருவார்கள். ஏழரைக்கு வேன் என்றால் அந்த நேரத்தில் நண்டு இன்னும் வலையில் இருக்கும். வேனை விட்ட பிள்ளை அன்றைக்கு வர மாட்டான். ஒரு வாரம் அப்படிப் போனால் அப்புறம் வரவே மாட்டான்.

வலைக்கார அண்ணே, நீங்கள் எழுதியதை அப்படியே கூட்டத்தில் வாசிக்கலாமா? பெயர் சொல்ல மாட்டேன். உங்கள் சின்னவனைப் போல இன்னும் நாலு பேர் வேனில் ஏறினால் எங்கள் எண்ணிக்கை 30. பள்ளி மானியம் 30-க்கு மேல் இருந்தால் வருடத்துக்கு 25,000, 30 வரை 10,000. சாக்பீஸ், விளக்குமாறு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் அதில்தான்.

சங்கத்துத் தோழரே, 243-ஐ நீங்கள் எழுதுங்கள், நான் கைதூக்குகிறேன். நான் எழுதப்போவது அந்தப் பையனுக்காக.

ஐயா, சுற்று ஆசிரியர் யோசனை முதலில் எனக்கும் பிடித்தது. இரவு படுத்து யோசித்தேன். வகுப்பு இல்லாமல் சும்மா ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால், தேர்தல் வேலைக்கு முதலில் இழுக்கப்படுவது யார்? அவர்தான். பள்ளிக்கென்று பெயர் எழுதிய மூன்றாவது ஆசிரியர்தான் வேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன்:

"ஐந்து வகுப்புகள் நடக்கும் தொடக்கப் பள்ளியில், மாணவர் எண்ணிக்கை 60-க்குக் குறைவாக இருந்தாலும், தலைமையாசிரியர் நீங்கலாக இரண்டு ஆசிரியர் பணியிடங்களை மாநில அரசு அனுமதிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."


பாம்பன் பழைய எச்.எம்.

தேர்தல் வேலை விஷயம் எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொல்வதுதான் சரி. ஒரு வரி சேருங்கள்: உபரி என்று சொல்லி வேறு பள்ளிக்கு மாற்றும் பணி நிரவலில் அந்தப் பணியிடத்தை எடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஜூனில் கொடுத்து ஆகஸ்டில் தூக்கிவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.


வலைக்காரன்

வாசிங்க டீச்சர். வேன் கடன் விஷயத்தை மட்டும் விட்டுருங்க, வீட்டில் தெரியாது.


உப்புக்காற்று டீச்சர்

சரி அண்ணே, விட்டுவிடுகிறேன். ஐயா சொன்ன வரியையும் சேர்த்துவிட்டேன். சனிக்கிழமை போய்விட்டு வந்து எழுதுகிறேன். நண்டுப் படத்தையும் ஜெராக்ஸ் எடுத்துப் பின்னால் இணைத்திருக்கிறேன்.