இலவசக் கல்வி மலையகத்துக்கு வந்தது 1945இலா?

பதுளை ஆசிரியை: “1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இலங்கையின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் கிடைத்தது, தேயிலைத் தோட்டத் தமிழர் வாழும் மலையகம் பின்தங்கியதற்குப் பெற்றோரின் அக்கறையின்மையே காரணம்” என்று கண்டி நண்பர் நேற்று எழுதியிருந்தார். தோட்டப் பாடசாலையில் படித்து, இன்று தோட்டப் பிள்ளைகளுக்கே கற்பிக்கும் என்னால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. அன்று எங்கள் பிள்ளைகள் படித்தவை தோட்ட நிர்வாகம் நடத்திய பாடசாலைகள். 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினால் போதும் என்பதே 1920ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டத்தை நிர்வகித்த துரைமாருக்கு இருந்த கடமை. அந்த வகுப்பைத் தாண்ட வழியில்லாத பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்று அறிவித்து என்ன பயன்?

கண்டி நண்பர்: 1945ஆம் ஆண்டு ஏற்பாட்டில் மலையகத் தமிழருக்கு இல்லை என்று ஒரு வரியாவது இருந்தால் காட்டுங்கள். நகரப் பாடசாலைகள் திறந்தே இருந்தன. அங்கே பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரும் தோட்டத்தில் இருந்தார்கள்.

பதுளை ஆசிரியை: ஒரு வரி எதற்கு ஐயா? 1960, 61இல் அரசு உதவி பெற்ற பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகளை விட்டுவிட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் பெற்றோர் நாடற்றவர்களாகி, அடுத்த ஆண்டு வாக்கையும் இழந்தபின், அவர்களுடைய பிள்ளைகளுக்காக நாடாளுமன்றத்தில் பணம் ஒதுக்கச் சொல்லி எவர் வற்புறுத்தியிருப்பார்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் பாடசாலைகளும் கட்டங்கட்டமாக அரசின் கைக்கு வந்தன. லயம் என்ற தோட்டக் குடியிருப்பு வரிசையில் விடியுமுன் எழுந்து கொழுந்து பறிக்கப் போன தாயை அக்கறையற்றவள் என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நுவரெலியா மாணவன்: பழைய ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு இன்றைய ஒதுக்கீட்டைப் பேசுங்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றும் அரசு அந்த அளவை நெருங்கவில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்க விரும்பும் தோட்டப் பிள்ளை எத்தனை மைல் போகவேண்டும் என்று கேளுங்கள்.

கண்டி நண்பர்: பணம் வராமல் இல்லை. சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழுந்தன, ஜெர்மனிய உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. நியமனம் கிடைத்த மறுவருடமே நகரத்துக்கு இடமாற்றம் கேட்கும் ஆசிரியர்களை முதலில் திருத்துங்கள்.

ஹட்டன் வாசகர்: இடமாற்றம் கேட்பவர்களில் வெளி மாவட்டத்தாரே அதிகம். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டத்துக்கென உள்ள ஒதுக்கீட்டுக்காக எங்கள் பாடசாலைகளில் பெயரைப் பதிந்து, எங்கள் பிள்ளைகளுக்குரிய பல்கலைக்கழக இடத்தையும் எடுத்துக்கொண்டு போன வெளி மாவட்ட மாணவர்களையும் நாங்கள் மறக்கவில்லை.

வவுனியா வாசகர்: வடக்கிலிருந்து வந்த ஆசிரியர்கள் இல்லாமல் உங்கள் பாடசாலைகளில் உயர்தர வகுப்பு நடந்திருக்குமா? என் தந்தை தலவாக்கலையில் தன் இளமையையே செலவழித்தார்.

ஹட்டன் வாசகர்: உங்கள் தந்தையை நான் சொல்லவில்லை, பதிவு மாற்றியவர்களைச் சொன்னேன்.

பதுளை ஆசிரியை: வடக்கும் மலையகமும் அடித்துக்கொள்வது கண்டி நண்பருக்கு வசதியாகப் போய்விட்டது. 1945 என்று எழுதியதை அவர் இன்னும் திருத்தவில்லை. நாட்டின் மற்றப் பிள்ளைகளைவிட ஒரு தலைமுறை பிந்தித்தான் அரசாங்கப் பாடசாலை எங்களுக்குக் கிடைத்தது. ஆகவே பின்தங்கிய பாடசாலைக்கு மாணவர் தொகையைப் பார்த்து மட்டும் பணம் தராமல் கூடுதலாகத் தரவேண்டும், கஷ்டப் பிரதேசத்துக்கு வரும் ஆசிரியருக்கு விடுதியும் கட்டித் தரவேண்டும். இதைக் கேட்பது எங்கள் உரிமை, எவரிடமும் சலுகை கேட்கவில்லை.

கண்டி நண்பர்: விடுதி கட்டினாலும் வெள்ளிக்கிழமை மதியமே பஸ் ஏறிவிடுவார்கள். அந்த ஒரு வரியை இன்னும் நீங்கள் காட்டவில்லை.

பதுளை ஆசிரியை: எங்கள் பாடசாலையில் எவர் வெள்ளிக்கிழமை மதியம் பஸ் ஏறுகிறார்? நேரில் வந்து வரவுப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.