சாயல்குடி பக்கம் மக்காச்சோளம்: எந்த விதை என்று எப்படிச் சோதிப்பது?

சாயல்குடிக்காரன்:
எங்கள் புஞ்சை சாயல்குடிக்குத் தெற்கே, கடல் பக்கம். இதுவரை மிளகாயும் பருத்தியும்தான். வருகிற புரட்டாசியில் மக்காச்சோளம் போட்டுப் பார்க்க ஆசை. கடையில் இரண்டு கம்பெனி வீரிய ஒட்டு சொல்கிறார்கள், கூடவே வேளாண் பல்கலைக்கழகத்தின் வீரிய ஒட்டு கோ.எச்.எம். 6. நிலத்தை மூன்றாகப் பிரித்து விதைக்கொரு பங்கு கொடுத்தால் எது அதிகம் விளைகிறது, எது குருத்தைத் தின்னும் படைப்புழுவைத் தாங்குகிறது என்று தெரிந்துவிடும்தானே? தெற்கு வரப்போரம் உப்புப் பூக்கும்.

கமுதி கரிசல்:
மழை கைவிட்டால் மூன்றும் ஒன்றுதான் தம்பி. பூக்கும்போது தண்ணீர் கொடுக்க வழி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

பழைய பண்ணையாள்:
விதைச் சோதனைத் திடலில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். மூன்று பங்கு வேண்டாம். தெற்குப் பங்கில் விழுந்த விதை தோற்றுப்போகும், அது விதையின் குற்றமாக இருக்காது. மண்ணின் மின்கடத்துதிறன் (உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு) மீட்டருக்கு 1.7 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே மக்காச்சோள விளைச்சல் இறங்கத் தொடங்கும். பருத்தி 7.7 வரை தாங்கும். பருத்தி நன்றாக வந்த இடம்தானே என்று நம்பிவிடாதீர்கள்.

வடக்கிலிருந்து தெற்காக ஒன்றன்பின் ஒன்றாக, கிழக்கு மேற்காக நீளும் நான்கு பட்டையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் மூன்று விதையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில், சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசையில் வரட்டும். ஒரே நாள் விதைப்பு, ஒரே இடைவெளி (60க்கு 25 செ.மீ.). எடை போடும்போது பாத்தியின் ஓர வரிசைகளை விட்டுவிடுங்கள்.

படைப்புழுவுக்கு மருந்தடிக்கும் முன்பே குருத்தைப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுங்கள்; 9 என்றால் குருத்தே போச்சு. கடைக்காரர் கொடுத்த விதைக்கு மட்டும் கூடுதலாக ஒருமுறை அடிக்கிற பாசம் கூடாது! மயிலோ பன்றியோ புகுந்த பாத்தியைத் தனியே குறித்து வையுங்கள்.

அப்புறம் மணியின் ஈரம்; ஈரம் கூடினால் எடையும் கூடித் தெரியும். ஒரு பாத்தி மணி 25 சதவீத ஈரத்தில் 20 கிலோ, இன்னொன்று 18 சதவீதத்தில் 19 கிலோ என்று வையுங்கள். இரண்டையும் ஒரே 15 சதவீத ஈரத்துக்குக் கணக்கிட்டால் முதலாவது 17.6, அடுத்தது 18.3. தராசு சொன்னதற்கு நேர்மாறு.

சாயல்குடிக்காரன்:
சரி அண்ணே, நான்கு பட்டையாகவே போடுகிறேன். ஈரம் பார்க்கும் கருவி என்னிடம் இல்லையே?

பழைய பண்ணையாள்:
தானியம் வாங்கும் வியாபாரியிடம் இருக்கும். மணியை உதிர்த்த கையோடு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி அன்றைக்கே கொண்டுபோங்கள். பையின் மேல் பாத்தி எண் எழுத மறக்காதீர்கள்.